வீட்டுக்குள் ஒரு கடல்



தமிழகத்துக் கடற்கரையை விட்டு வந்து, தில்லியிலும் போபாலிலும் நாகபுரியிலும் வாழ்கின்ற நம்மவருள் சிலருக்கு, வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி அமைத்துக் கடல்மீன் வளர்க்க வேண்டும் என்னும் ஆசை எழுகின்றது. நல்ல ஆசைதான். ஆயின், நன்னீர் மீன்கள் பொறுத்துக்கொள்ளும் பிழைகள் பலவற்றைக் கடல்மீன்கள் பொறுப்பதில்லை. நம் அவசரத்தின் விலையை அவை உயிரால் கொடுக்கின்றன. ஆகவே, மீனைப் பற்றிப் பேசுமுன் கருவிகளைப் பற்றிப் பேசுவோம்.

முதலாவது தொட்டி. சிறிய தொட்டியே எளிது என்று தோன்றும். உண்மை அதற்கு மாறானது. நீர் குறைவாக இருந்தால் வெப்பமும் உவர்ப்பும் விரைந்து மாறும். மூன்றடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், அதே அளவு உயரமும் உள்ள தொட்டி தொடங்குவோர்க்கு ஏற்றது. நீர், கண்ணாடி, கல், தாங்கும் மேசை யாவும் சேர்ந்தால் எடை 250 கிலோவைத் தாண்டிவிடும். ஆதலால், தளம் தாங்குமா என்று கேட்டறிந்து, சுவரோரமாக, வெயில் படாத இடத்தில், ரசமட்டம் வைத்துப் பார்த்து நிறுத்த வேண்டும். வாடகை வீடாயின் உரிமையாளரிடம் முன்னரே சொல்லிவிடுவது நலம்.

இரண்டாவது நீர். சமையலுப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது. கடல்நீரில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியனவும் உண்டு. இதற்கென விற்கும் உப்புக் கலவையையே வாங்குதல் வேண்டும். 160 லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 6 கிலோ தேவைப்படும். குழாய் நீரில் குளோரின் உண்டு, ஆதலால் ஆர்.ஓ. நீரே சிறந்தது. ஆனால் வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் தாதுக்களை மீண்டும் கலக்கும் அமைப்பு இருப்பதை மறவாதீர்கள். உவர்நீரின் ஒப்படர்த்தி 1.025 அளவில் நிற்கின்றதா என்று ஹைட்ரோமீட்டரால் பார்த்துக்கொள்ளலாம். நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகின்றது. எனவே, குறைந்த அளவை நன்னீரால் நிரப்ப வேண்டுமேயன்றி உப்புநீரால் அன்று.

மூன்றாவது இயந்திரங்கள். மணிக்குத் தொட்டி நீரைப்போல் பத்து மடங்கு நீரைச் சுழற்றவல்ல மோட்டார் வேண்டும். அடுத்தது, கடைக்காரர்கள் புரோட்டீன் ஸ்கிம்மர் என்று கூறும் நுரைவாங்கி. நுண்ணிய காற்றுக் குமிழிகளில் கழிவுப் பொருள்கள் ஒட்டி நுரையாக மேலெழுந்து கிண்ணத்தில் சேரும். அதை நாம் கழுவி ஊற்றிவிடலாம். வெப்பநிலை 25 முதல் 27 பாகைக்குள் இருத்தல் நன்று. தில்லிக் குளிருக்கு ஹீட்டரும், அந்நகரின் கோடைக்குச் சில்லரும் வேண்டியிருக்கும். உலர்ந்த காற்றுள்ள ஊர்களில் நீர்மேல் வீசும் சிறு மின்விசிறியே சில பாகைகள் குறைக்கும். மும்பையின் ஈரக்காற்றில் அது அவ்வளவாகப் பலிக்காது.

மின்கம்பி ஒவ்வொன்றும் பிளக்கினும் தாழ்வாகத் தொங்கி வளைந்து பின்னர் மேலேறட்டும். வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு கண்டால் இணைப்பைத் தானே துண்டிக்கும் கருவியும் கட்டாயம் வேண்டும். உப்புநீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் சிக்கனம் கூடாது. மின்தடை நேரத்துக்கென பேட்டரியில் இயங்கும் காற்று பம்பு ஒன்றை வாங்கி வையுங்கள். வெம்மையான நீரில் பிராணவாயு குறைவு. ஓட்டமும் நின்றால் சில மணி நேரமே மீனுக்கு ஆபத்தாகலாம்.

இனி, விலை கொடுத்தும் வாங்க முடியாத கருவி ஒன்றுண்டு, அது பொறுமை. எங்கள் முதல் தொட்டியில் எல்லாக் கருவிகளும் இருந்தன. ஒன்பதாம் நாளே இரண்டு மீன்களை விட்டோம். நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது. ஐந்தாம் நாள் காலை இரண்டும் இறந்து கிடந்தன. தெளிந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா பெருகியிருந்தது. அதை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேற, வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அந்நாட்களில் மீனின்றியே சிறிதளவு மீனுணவை இட்டு, சோதனைக் கருவியால் நீரைப் பார்த்து வர வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் முற்றும் மறைந்த பின்னரே மீன் வரலாம். இதை அன்று நாங்கள் அறியவில்லை. நீங்கள் அறிந்து தொடங்குங்கள்.

பவளத்தையும் கடற்குதிரையையும் யாரேனும் விற்க முன்வந்தால் மறுத்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கின்றது. பீங்கான் கற்களே நுண்ணுயிர்களுக்குப் போதும். கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்விக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் நம் மண்டபம் நிலையத்திலும் கைக்கொண்டிருக்கின்றனர். அவ்வாறு வளர்க்கப்பெற்ற மீனையே கேட்டு வாங்குங்கள்.

இறுதியாக ஒன்று. நன்கு பேணினால் கோமாளி மீன் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். அதற்குள் நமக்கோ இரண்டு மூன்று மாற்றல் உத்தரவுகள் வந்துவிடலாம். அன்று இவ்வுயிரை யாரிடம் ஒப்படைப்போம் என்று இன்றே எண்ணிப் பாருங்கள். அதற்கு விடை கிடைத்தவர்கள் நாளையே தொட்டிக்கு அளவெடுக்கலாம்.