பங்குதாரருக்கு அறிக்கை, ஊராருக்கு என்ன?

(ஊர்காவற்றுறையில் ஆற்றிய உரை)



ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகிய நம் ஊர்களில் ஆறில்லை, மலையில்லை. மாரி மழை நிலத்தினுள் இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. அதுவே நம் கிணறு. அதுவே நம் உயிர். நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால், கீழிருந்து உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழும் என்பது நிலநீரியல் கணக்கு. ஆகவே, மண்ணையும் கல்லையும் அகழ்வது பற்றி எவர் எதைக் கூறினும், அதனை நிறுத்துப் பார்க்கும் கடமை நமக்குண்டு.

அகழ்வுக் கம்பனிகள் இன்று எங்கே பேசுகின்றன? ஊர்ச் சபையிலன்று, இணையத்தளத்திலே! யாரை நோக்கி? முதலீட்டாளரை நோக்கி! நம் அயலிலுள்ள மன்னார்த் தீவைப் பாருங்கள். அங்கே இல்மனைற்று முதலிய கனிமங்கள் செறிந்த மணலை அகழ முனைந்த டைற்றானியம் சாண்ட்ஸ் கம்பனி, அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவு பெற்றது. மணலின் அளவையும் தரத்தையும் அச்சந்தையின் விதிப்படி அது பகிரங்கமாக அறிவித்தாக வேண்டும், ஆங்கிலத்தில் அறிவித்தது. சிட்னியில் பங்கு வாங்குபவர் வீட்டிலிருந்தே அதனைப் படிக்கலாம். அதே செய்தி பேசாலை மீனவரின் மொழியில் அவர் வாசலுக்கு வந்ததா? 2025 இல் காற்றாலைத் திட்டத்தையும் கனிம மணல் அகழ்வையும் எதிர்த்து மன்னார் மக்கள் மாதக்கணக்கில் அறவழியில் நின்றனர். அதுவே அவர்கள் எழுதிய மறுமொழி.

அழகிய அறிக்கையெல்லாம் உண்மையாகிவிடுமா? பிரேசில் நாட்டில் 2019 சனவரி 25 அன்று வாலே கம்பனியின் கழிவணை உடைந்து 270 உயிர்கள் மாண்டன. அணைகளின் பாதுகாப்புப் பற்றித் தன் அறிக்கைகளில் முதலீட்டாளரைத் தவறாக வழிநடத்தியது என்று அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு 2022 இல் அக்கம்பனிமீது வழக்குத் தொடுத்தது. 2023 இல் 5 கோடி 59 இலட்சம் டொலர் செலுத்தக் கம்பனி இணங்கியது. கவனியுங்கள்! அவ்வழக்கு முதலீட்டாளரின் பணத்துக்காக எழுந்த வழக்கு. பங்குதாரருக்குச் சொன்ன சொல்லுக்கு நீதிமன்றத்தில் பெறுமதி உண்டு. ஊராருக்குச் சொன்ன சொல்லுக்கும் அதே பெறுமதி வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

நாம் தொழிலுக்குப் பகைவரல்லர். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை நம்மவர் பலருக்குச் சோறிட்டது. ஆயினும் 1990 இல் போர் அவ்வாலையை நிறுத்தியபின், சுண்ணக்கல் அகழ்ந்த குழிகள் அப்படியே எஞ்சின. ஆலை ஓயும், குழி ஓயாது!

எனவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, பங்குதாரருக்கு வெளியாகும் ஒவ்வோர் அறிக்கையும் அதே நாளில் தமிழிலும் ஊராருக்குக் கிடைக்க வேண்டுமெனக் கேட்போம். இரண்டாவது, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வரும்போது, தேசிய சுற்றாடற் சட்டம் தரும் 30 நாள்களை வீணாக்காது எழுத்தில் ஆட்சேபிப்போம். மறைக்கப்பட்டதை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்டுப் பெறுவோம். மூன்றாவது, உழவரும் ஆசிரியரும் கூடி, மாதந்தோறும் நம் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து பதிவேட்டில் எழுதிவைப்போம்.

நாளை ஒரு கம்பனி தன் இணையத்தளத்தில் "நீருக்குக் கேடில்லை" என்று எழுதுமாயின், நம் பதிவேடு அதற்கு விடை சொல்லட்டும்!