நீரிழிவு மாத்திரையும் தைராய்டுப் பரிசோதனையும்

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



நான் வைத்தியன் அல்லன். ஆயினும், 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது முதல், நீரிழிவு மாத்திரை நம் வாயிற்படிக்கே வந்து சேருகிறது. சர்க்கரை வியாதி பட்டணத்தாருக்கே உரியது என்பது பழங்கதையாயிற்று. ஆகவே, மாத்திரையைப் பற்றிய பேச்சும் பஞ்சாயத்துப் பேச்சே.

அம்மாத்திரைகளுள் முதன்மையானது மெட்பார்மின். பிரான்ஸ் தேசத்தில் 1957 முதல் நீரிழிவுக்கு வழங்கிவரும் நல்ல மருந்து. நீரிழிவு உள்ள தாய்மார்கள் சிலருக்குத் தைராய்டுச் சுரப்பும் குறைந்திருக்கும். அவர்கள் தைராக்ஸின் மாத்திரையும் உட்கொள்வார்கள். இவ்விரண்டும் சேரும் இடத்தில், இரத்தப் பரிசோதனைச் சீட்டு சில வேளை நம்மை ஏமாற்றக்கூடும்.

வயலில் நீர் வற்றினால் விவசாயி மடைக்காரரை நோக்கி உரத்துக் கூவுகிறார். நீர் நிரம்பினால் குரலைத் தாழ்த்துகிறார். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியும் தைராய்டை நோக்கி அவ்வாறே குரல் கொடுக்கிறது. அக்குரலுக்கு டி.எஸ்.எச். என்று பெயர். அது தாழ்ந்தால், இரத்தமாகிய வயலில் தைராய்டு நீர் மிகுந்துவிட்டது என்று கொள்வது வழக்கம். ஆனால், தைராய்டுக் குறைவு உள்ள சிலர் மெட்பார்மின் உண்ணும்போது, நீரின் அளவு மாறாமலேயே குரல் மட்டும் தாழ்கிறது. 2006-இல் மருத்துவ ஏட்டில் வெளியான இச்செய்தியைப் பின்வந்த ஆராய்ச்சிகளும் கண்டன. தைராய்டு செம்மையாக உள்ளவர்களுக்கு இம்மாறுதல் பொதுவாக நேர்வதில்லை.

சீட்டில் 0.4-க்குக் கீழான எண்ணைக் கண்டு, தைராக்ஸின் அதிகமாயிற்று என்று ஓர் அம்மையார் தாமே மாத்திரையைக் குறைத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேவையான அளவும் கிடைக்காமற்போனால் சோர்வு, உடல் கனம், மலச்சிக்கல் யாவும் திரும்பும். நடவுக்குப் போக இயலாது. வீட்டாரோ அதனைச் சோம்பல் என்பார்கள்! அதற்காக அந்த எண்ணை அலட்சியம் செய்யவும் கூடாது. தைராக்ஸின் மெய்யாகவே மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், எலும்பும் தேயும். குரலை மட்டும் நம்பாமல் வயலில் இறங்கி நீரை அளக்க வேண்டும். அந்த அளவுக்கு 'ஃப்ரீ டி4' என்ற பரிசோதனை இருக்கிறது. அதுவும் தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள். மெட்பார்மினையும் தாமாக நிறுத்தலாகாது, சர்க்கரை ஏறிவிடும்.

நம் ஊர்களில் உள்ள தொல்லை வேறொன்று. மெட்பார்மின் வீட்டுக்கு வருகிறது. தைராக்ஸினோ பட்டணத்து டாக்டர் எழுதியது. இவர் கொடுப்பதை அவர் அறியார். எனவே, டாக்டரிடம் செல்லும்போது இரண்டு மாத்திரை அட்டைகளையும், பழைய பரிசோதனைச் சீட்டுகளையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுமாறு அங்கத்தினர்கள் தத்தம் வார்டில் சொல்ல வேண்டும். தைராக்ஸினைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரமாவது கழித்தே காப்பி அருந்தலாம். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் அம்மையார் மேடையில் அமர்ந்திருக்கிறார். மாத்திரையின் அளவு பற்றிய கேள்விகளை அவரிடமே விடுகிறேன்.