ஓட்டுச் சீட்டில் யார் பெயர் முதலில்?

(பிடோக்கில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் தோட்டத்துக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



கிராணி என்ற முறையில் நாள்தோறும் நான் செய்யும் வேலை பெயர் வாசிப்பது. பெரட்டுக் களத்தில் செக்ரோலை விரித்தால் மேலே இருக்கும் பெயர் எல்லார் காதிலும் விழும். கடைசிப் பெயர் வரும்போது பாதிப் பேர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார்கள். ஓட்டுச் சீட்டும் ஒரு செக்ரோல்தான் தோழர்களே! அதில் எவர் பெயரை எங்கே போடுவது என்பது அச்சுக்கூடத்து விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே ஓட்டுப் போடுவது கட்டாயம். அபேட்சகர்களுக்கு 1, 2, 3 என்று எண் போட வேண்டும். அக்கறை இல்லாதவர் மேலிருந்து கீழே வரிசையாக எண்ணைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். இதற்குக் 'கழுதை ஓட்டு' என்றே பெயர். 1937-ல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலிருந்து செனட் சபைக்குத் தொழிற்கட்சி நால்வரை நிறுத்தியது. ஆமர், ஆம்ஸ்ட்ராங், ஆர்தர், ஆஷ்லி. நான்கு பெயரும் ஆங்கிலத்தில் 'ஏ' எழுத்தில் தொடங்குபவை! நால்வரும் வென்றார்கள். பிறகு 1940-ல் சட்டத்தை மாற்றி, குழுக்களின் வரிசையைக் குலுக்கலில் எடுத்தார்கள். டாஸ்மேனியா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், 1979-ல் சீட்டுக்குச் சீட்டு வரிசை மாறி வரும்படி அச்சிடும் முறையைக் கொண்டுவந்தது. எனக்குப் பிடித்தது இதுதான். எவருக்கும் மேலிடம் சொந்தமில்லை.

நம் தாய்த் தமிழகத்தில் குலுக்கல் இல்லை. முதலில் அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரர், அடுத்து பதிவு மட்டும் செய்த கட்சிக்காரர், கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. பெரிய கட்சிக்கு வசதி, சுயேச்சைக்கு வாசற்படி! ஆனால் வேறு கதையும் உண்டு. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள். தங்கள் குறையை நாடு கேட்கட்டும் என்று விவசாயிகள் திரண்டு மனுப் போட்டார்கள். சீட்டு சீட்டாக இல்லை, புத்தகமாயிற்று! வென்றவர் சுப்புலட்சுமி ஜெகதீசன். பலருக்கு ஒற்றை ஓட்டுக்கூட விழவில்லை. அந்த ஆண்டே சட்டமன்ற டிபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. கூட்டம் குறைய வேண்டும் என்பது சரி. ஆனால் அந்தச் சுமை கூலிக்காரன் தலையில்தானே விழுகிறது?

பெயர்க் குழப்பம் தனி. 2024-ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். அதே பெயரில் வேறு பலரும் நின்றார்கள். படமும் சின்னமும் இல்லாவிட்டால் படிக்கத் தெரிந்தவரே தடுமாறுவார். படிக்காத பாட்டி என்ன செய்வார்? அவர் இரண்டாம் இடத்துக்கு வந்தார்.

இந்தச் சிங்கப்பூருக்கு வருவோம். 2011 அதிபர் தேர்தலில் நான்கு அபேட்சகர்கள். நால்வர் குடும்பப் பெயரும் டான்! டோனி டான் 7,382 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். 2023-ல் தர்மன் சண்முகரத்னம் அன்னாசிச் சின்னத்தில் நின்று 70 சதவீதத்துக்கு மேல் பெற்றார்.

பொதுத் தேர்தலில் 1988 முதல் குழுத்தொகுதி முறை. உங்கள் பிடோக் பெயரிலேயே அப்போது மூவர் கொண்ட ஒரு குழுத்தொகுதி இருந்தது. 1997-ல் அது ஈஸ்ட் கோஸ்ட் ஆயிற்று. 2025-ல் அங்கே ஐவர். நீங்கள் போடுவது ஒரே ஒரு பெருக்கல் குறி. போவது ஐந்து பேர். ஒருவரை வேண்டும், மற்றவரை வேண்டாம் என்று சொல்ல இடமில்லை. 2011-ல் அல்ஜூனிட்டில் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் இயோ தம் அணியோடு சேர்ந்தே தோற்றார்.

ஒவ்வொரு குழுவிலும் சிறுபான்மையினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது சட்டம். நம்மவருக்கு அது பாதுகாப்பு, மறுக்கவில்லை. ஆனாலும் எனக்குப் பாதி மனம்தான். 1981-ல் ஆன்சன் இடைத்தேர்தலில் ஜெயரத்தினம் தனியாகவே நின்று வென்றாரே! குழுவுக்குள் நுழைந்த பெயர் பாதுகாப்பாகவும் இருக்கிறது, மறைந்தும் போகிறது.

இனி நம் வீட்டு விஷயம். சங்கக் கிளைத் தேர்தலில் பழைய நிர்வாகிகள் பெயரை மேலே போட்டு, எதிர்த்து நிற்பவரைக் கீழே தள்ளும் வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன்; எந்தக் கிளை என்று நான் சொல்ல வேண்டியதில்லை, சிரிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு தீர்மானம் முன்மொழிகிறேன். வரும் தேர்தலில் பெயர் வரிசையை அங்கத்தினர் முன்னிலையில் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் படம் அச்சிட வேண்டும். ஒரே பெயருடையவர் இருவர் நின்றால் டிவிஷனையும் வேலையையும் சேர்த்து எழுத வேண்டும். அச்சுச் செலவுக் கணக்கை நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். தலைவர் அனுமதித்தால் வாசிக்கிறேன்.