புல்தரையில் ஒரு தூதரகம் – ஆஸ்திரேலியா குறித்துப் பேசியதன் எழுத்து வடிவம்

ஞாயிறு இரவு ஸ்பேஸில் பேசியதை எழுத்தாகப் போடச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. கொஞ்சம் சரிசெய்து இங்கே பதிவிடுகிறேன். நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

ஒரு குடையில இருந்து ஆரம்பிக்கிறேன். கடற்கரையில நட்டு வைப்பாங்களே, அந்தக் குடை. 1972 ஜனவரி 26. அன்றைய பிரதமர் மெக்மேகன், பூர்வகுடிகளுக்கு நில உரிமை கிடையாது, வேணும்னா குத்தகை தரலாம்னு அறிவிச்சார். அன்னிக்கு ராத்திரியே சிட்னியில இருந்து நாலு பூர்வகுடி இளைஞர்கள் காரில் கான்பெரா போய், நாடாளுமன்றத்துக்கு எதிரே புல்தரையில அந்தக் குடையை நட்டு, 'இது எங்க தூதரகம்'னு சொன்னாங்க. சொந்த மண்ணுலயே எங்களை அந்நியரா நடத்துறீங்க, அப்போ மத்த நாட்டுக்காரங்க மாதிரி எங்களுக்கும் ஒரு தூதரகம் வேணும்ல? அவ்வளவுதான் வாதம். போலீஸ் பலமுறை பிய்த்துப் போட்டும் அந்தக் கூடாரத் தூதரகம் இன்னிக்கும் அங்கே இருக்கு.

'வெளியுறவுக் கொள்கைக்கும் பழங்குடி உரிமைக்கும் என்ன சம்பந்தம்'னு ஸ்பேஸில் ஒரு தோழர் கேட்டார். மரலிங்காவைப் பாருங்க தோழர். 1950இல் பிரிட்டன் அணுகுண்டு சோதிக்க இடம் கேட்டது. பிரதமர் மென்சிஸ் தன் அமைச்சரவையைக்கூடக் கேட்காம சரின்னுட்டார். 1952 முதல் 1957 வரை மொத்தம் 12 பெரிய குண்டுகள். அதில் 7 மரலிங்காவில். சின்னச் சின்ன சோதனைகள் 1963 வரைக்கும் ஓடுச்சு. புளூட்டோனியம் சிதறிய அந்த நிலம் தலைமுறை தலைமுறையா மக்கள் நடந்து திரிந்த நிலம். வரைபடத்துல மட்டும் காலியிடம்.

1953 அக்டோபரில் ஈமு ஃபீல்டில் குண்டு வெடித்த பிறகு கரும்புகை மாதிரி ஒரு மூட்டம் தங்கள் குடியிருப்பு மேல் வந்து படிந்ததாகச் சொன்னவர் யாமி லெஸ்டர். அப்போ சின்னப் பையன். பின்னாடி பார்வையே போயிடுச்சு. விசாரணை கேட்டுப் போராடியவங்கள்ல அவர் முக்கியமானவர். 1984இல்தான் விசாரணை ஆணையமே அமைச்சாங்க. நட்பு நாட்டுக்கு ஒரு 'சரி' சொல்றது கான்பெராவில் ஒரு நிமிஷ வேலை. அதோட விலையைக் கட்டியது அந்தப் பாலைவனத்து மக்கள்.

இதெல்லாம் பழைய கதைன்னு நினைச்சா, 2023க்கு வாங்க. மார்ச் முதல் வாரத்தில் பூர்வகுடி மக்களுக்கான தூதர்னு ஒருத்தரை அரசு நியமிச்சுது. உலகத்துக்கு நல்ல முகம். அடுத்த வாரமே அமெரிக்கா, பிரிட்டனோடு சேர்ந்த ஆக்கஸ் ஒப்பந்தத்தில் அணுசக்தி நீர்மூழ்கித் திட்டம் வெளியாச்சு. செலவு 36,800 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. அக்டோபர் 14 அன்று, பூர்வகுடிகள் நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு அமைப்பு வேணுமான்னு வாக்கெடுப்பு. ஆலோசனை மட்டும்தான், முடிவெடுக்கிற அதிகாரம்கூட இல்லை. சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம்னுட்டாங்க. ஆறு மாநிலத்திலும் தோல்வி. மக்கள்தொகையில் 4 சதவீதத்துக்கும் குறைவா இருக்கிற அவங்கதான் அந்த நாட்டுச் சிறைகளில் மூன்றில் ஒரு பங்கு.

நான் படிச்சது மெக்கானிக்கல், அதனால இந்த நீர்மூழ்கி விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். இதில் உலை எரிபொருளை நடுவில் மாத்த வேண்டியதே இல்லை, கப்பலோட ஆயுசு முழுக்க ஒரே எரிபொருள். கேட்க சூப்பரா இருக்கும். ஆனா கப்பல் ஓய்வு பெறும்போது அந்த எரிபொருளை ஆயிரக்கணக்கான வருஷம் பத்திரமா வைக்கணும். வைக்கிற பொறுப்பு தன்னோடதுன்னு ஆஸ்திரேலியா ஒப்புக்கிச்சு. எங்கே வைப்பாங்க? இருக்கிற அல்லது இனிமே வாங்கப்போற ராணுவ நிலத்திலாம். 'இனிமே வாங்கப்போற' என்ற வார்த்தையை ரெண்டு தடவை படிங்க.

ஏன்னா மருத்துவ, ஆராய்ச்சிக் கழிவுக்கே இடம் தேடின கதை இருக்கு. தெற்கு ஆஸ்திரேலியாவில் கிம்பா பக்கத்தில் ஒரு இடம் பார்த்து, ஊர் மக்கள்கிட்ட வாக்கெடுப்பு நடத்துனாங்க. அந்த மண்ணின் பார்ன்கார்லா மக்களுக்கு அதில் ஓட்டு இல்லை. கேட்டா, நீங்க இந்த ஊர் எல்லைக்குள்ள குடியிருக்கலைன்னு பதில். அவங்களே தனியா ஒரு வாக்கெடுப்பு வச்சாங்க, ஒருத்தர்கூட ஆதரிக்கலை. நீதிமன்றம் போய் 2023 ஜூலையில் ஜெயிச்சாங்க. அரசு திட்டத்தையே கைவிட்டுச்சு.

நமக்கு இதில் என்னன்னு கேட்டவங்களுக்கு: 2014இல் புதுச்சேரியில் இருந்து கிளம்பிய படகில் 157 தமிழர்கள். அவங்களை வாரக்கணக்கா கப்பலிலேயே அடைச்சு வச்சு, கடைசியில் நவுரு தீவுக்கு அனுப்பியதும் இதே கான்பெராதான். யாருடைய நிலம், யார் உள்ளே வரலாம்னு முடிவு செய்யுற அந்த மேசையில் பூர்வகுடிகளுக்கு இன்னும் நாற்காலி போடலை. அந்தப் புல்தரையில் போய் உட்கார்ந்துதான் பேச வேண்டியிருக்கு.

கேள்விகளை கமெண்டில் போடுங்க தோழர்களே, அடுத்த ஞாயிறு ஸ்பேஸில் எடுத்துக்கலாம்.