கோப்பையை மாற்றும் முன் குழியைப் பாருங்கள்

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொஞ்ச நாளாகக் குழுக்களின் தீர்மான நோட்டைப் புரட்டும்போது ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. "கழிவறை பழுது பார்க்க உள்கடன்." 2014-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி தூய்மை பாரத இயக்கம் தொடங்கியது. அதில் 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வாங்கி நம் ஊர்களில் நிறையப் பேர் கழிவறை கட்டினார்கள். அதற்கு முன்பே சொந்தக் காசில் கட்டியவர்களும் உண்டு. அந்தக் கழிவறைகளுக்கெல்லாம் இப்போது வயசாகிவிட்டது. கோப்பை விரிசல் விடுகிறது, மஞ்சள் ஏறுகிறது, தண்ணீர் இறங்க மாட்டேன் என்கிறது. ஊக்கத்தொகை புதிதாகக் கட்டுகிறவர்களுக்குத்தான். உடைந்த கோப்பையை மாற்ற அது வராது. நம் கைக்காசையோ குழுக் கடனையோதான் போட வேண்டும். அந்தக் காசு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறேன்.

கழிவறை பழுதானால் வீட்டில் யாருக்குக் கஷ்டம்? ஆம்பளைங்க கண்மாய்க் கரைப் பக்கம் போயிட்டு வந்துடுவாங்க. நாம இருட்டுற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்கணும். அதுக்குப் பயந்தே தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுக்கிறோம். அப்புறம் நீர்க்கடுப்பு, மலச்சிக்கல் என்று ஆஸ்பத்திரிக்கு அலைகிறோம். வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நாட்களில் இன்னும் சிரமம். அதனால் "அறுப்பு முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிற செலவு இல்லை இது.

முதல் கேள்வி: பழுது கோப்பையில்தானா?

தண்ணீர் தேங்கினால் உடனே கோப்பையை உடைக்க ஆள் கூப்பிடுகிறோம். ஒரு ஊரில் இப்படித்தான் ஓர் அக்கா கடன் வாங்கிப் புதுக் கோப்பை போட்டார். பத்து நாளில் அதுவும் தேங்கியது. குழி நிறைந்திருந்ததை யாருமே திறந்து பார்க்கவில்லை. கோப்பை மேல் பழியைப் போட்டுவிட்டார்கள்.

இரட்டைக் குழிக் கழிவறையாக இருந்தால் இரண்டு குழிக்கும் முன்னால் சின்னத் தொட்டி ஒன்று இருக்கும். அதன் மூடியைத் திறந்து வைத்து, கோப்பையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். தொட்டிக்குத் தண்ணீர் வரவே இல்லை என்றால் அடைப்பு கோப்பைக்கும் தொட்டிக்கும் நடுவில் இருக்கிறது. தொட்டிக்கு வந்த தண்ணீர் போகாமல் நின்றால் குழி நிறைந்துவிட்டது, அல்லது குழிக்குப் போகும் வழி அடைத்திருக்கிறது. குழி நிறைந்திருந்தால் அந்த வழியை அடைத்துவிட்டு மற்ற குழிக்குத் திருப்பிவிட்டால் போதும். நிறைந்த குழியை இரண்டு வருஷம் மூடி வைத்தால் உள்ளே இருப்பது மக்கி எருவாகிவிடும். ஒற்றைக் குழி மட்டும் இருந்தால் கோப்பைக் காசை இரண்டாவது குழிக்குப் போடுங்கள்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். எந்தக் குழிக்குள்ளும், செப்டிக் டேங்குக்குள்ளும் ஆளை இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் விஷ வாயு நிமிஷத்தில் உயிரை எடுத்துவிடும். மனிதக் கழிவை மனிதரை வைத்து அள்ளச் சொல்வது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும். செப்டிக் டேங்க் என்றால் உறிஞ்சும் லாரியைத்தான் கூப்பிட வேண்டும்.

கோப்பையில் விரிசல் இருந்தால், பளபளப்பு தேய்ந்து சொரசொரப்பாகி எவ்வளவு தேய்த்தாலும் அழுக்கு போகவில்லை என்றால், மாற்றத்தான் வேண்டும். உப்புத் தண்ணீரால் வந்த லேசான மஞ்சள் கறை மட்டும்தான் என்றால் மாற்ற வேண்டியதில்லை. பழைய புளியையும் கல் உப்பையும் கரைத்து ராத்திரி ஊற்றி வைத்துக் காலையில் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: எந்தக் கோப்பை?

கடையில் போய் நின்றால் முதலில் நிறத்தைப் பார்க்கிறோம், அப்புறம் விலையைக் கேட்கிறோம். "இதுக்கு எவ்வளவு தண்ணி ஊத்தணும்?" என்று யாரும் கேட்பதில்லை. தண்ணி தூக்குறது யாரு? நாமதானே!

கிராமப்புறக் கழிவறைக்கென்றே ஒரு கோப்பை உண்டு. கடையில் ரூரல் பேன் என்பார்கள். அதன் அடிப்பகுதி 25 முதல் 28 டிகிரி வரை செங்குத்தாகச் சரிந்திருக்கும். கீழே பொருத்தும் வளைகுழாயில், அதாவது டிராப்பில், 20 மில்லிமீட்டர் உயரத்துக்குத்தான் தண்ணீர் நிற்கும். துர்நாற்றத்தையும் பூச்சியையும் தடுக்க அதுவே போதும். ஒன்றரை முதல் 2 லிட்டர் ஊற்றினாலே எல்லாம் போய்விடும். சாதாரணக் கோப்பையில் சரிவு குறைவு, டிராப்பில் நிற்கும் தண்ணீரும் அதிகம். ஒரு தடவைக்கு 8 லிட்டருக்குக் குறையாமல் கேட்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டில் எல்லோருமாக ஒரு நாளைக்கு 8 தடவை போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ரூரல் பேன் என்றால் 16 லிட்டர், ஏறக்குறைய ஒரு குடம். சாதாரணக் கோப்பை என்றால் 64 லிட்டர், நாலு குடத்துக்கும் மேல். தினமும் மூணு குடம் கூடுதலாகச் சுமக்கணும். ஊற்றுகிற தண்ணீர் முழுவதும் குழிக்குத்தான் போகிறது என்பதையும் மறக்காதீர்கள். ஆனால் குழியோ டேங்கோ தூரத்தில் இருந்து, குழாய் நீளமாகப் போனால் 2 லிட்டர் பத்தாது. அப்படிப்பட்ட வீடுகளில் கொத்தனாரிடம் குழாயின் வாட்டத்தைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்து, எதில் செய்தது? பீங்கான் வழவழப்பாக இருக்கும், சீக்கிரம் கழுவலாம், நீண்ட நாள் உழைக்கும். பிளாஸ்டிக்கும் ஃபைபரும் எடை குறைவு, வண்டியில் கொண்டுவரும்போது உடையாது. ஆனால் தேங்காய் நாரால் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் அழுக்கு உட்காரும். சிமெண்ட், மொசைக் கோப்பை சொரசொரப்பு, தண்ணீர் அதிகம் கேட்கும், ஆசிட் பட்டால் அரித்துவிடும். கையில் காசு இருந்தால் வெள்ளைப் பீங்கானே நல்லது. வெள்ளையில் அழுக்கும் விரிசலும் உடனே தெரியும்.

முழங்கால் வலிக்கிற மாமியாருக்காக வெஸ்டர்ன் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். மாடித் தொட்டியும் குழாயில் எப்போதும் தண்ணீரும் இருந்தால் வைக்கலாம். வாளியில் ஊற்றுகிற வீட்டில் வைத்தால் தண்ணீர் மாளாது, சின்னக் குழியும் சீக்கிரம் நிறைந்துவிடும். நடுவில் ஓட்டை உள்ள ஸ்டூலை இந்தியன் கோப்பை மேல் போட்டு, சுவரில் பிடிமானக் கம்பி ஒன்று பதித்தால் பெரியவர்கள் சுலபமாக உட்கார்ந்து எழலாம். செலவும் குறைவு.

மூன்றாவது: கடைக்குப் போகும் முன்னும் போன பின்னும்

பழைய கோப்பையின் நீளம், அகலம், டிராப்பின் வாய் பின்னால் போகிறதா நேராகக் கீழே போகிறதா, குழாய் எத்தனை அங்குலம் என்று கொத்தனாரை வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் போகிறதை பி டிராப் என்பார்கள், கீழே போகிறதை எஸ் டிராப் என்பார்கள். மாற்றி வாங்கினால் தரை முழுவதையும் உடைக்க வேண்டி வரும்.

பீங்கானில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2556 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேபோல் விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்விரிசல் இருக்கலாம். தரையில் வைத்தால் ஆடுகிறதா, கோணலாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். கோப்பையையும் டிராப்பையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, ஒரே கடையில் வாங்கி, பில் கேட்டு வாங்குங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழையதை உடைக்கும்போது குழாய் வாயில் சாக்கு திணித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடைந்த சில்லு உள்ளே விழுந்து புது அடைப்பு வரும். வேலை முடிந்ததும் அந்தச் சாக்கை எடுத்தார்களா என்று பாருங்கள். தரை பூசும் முன் ஒரு வாளி ஊற்றி இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பூச்சு காய்ந்த பின் நாலைந்து காகிதத்தைக் கசக்கிப் போட்டு 2 லிட்டர் ஊற்றுங்கள். எல்லாம் போனால் கூலியைக் கொடுங்கள்.

புதுக் கோப்பையில் ஆசிட் வேண்டாம். சோப்புத்தூளும் பிரஷ்ஷும் போதும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருநாளும் கலக்காதீர்கள். கிளம்புகிற வாயு நெஞ்சை அடைத்துவிடும்.

கடைசியாகப் பணம். 3,000 ரூபாய் உள்கடன், நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டி, 10 மாதத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 300 அசல் கட்டினால், குறைந்துவரும் அசலுக்கு மொத்த வட்டி 165 ரூபாய்தான். கோப்பையில் 200 ரூபாய் மிச்சம் பிடித்து மட்டமானதை வாங்கினால், அது உடைகிற அன்றைக்குக் கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, சிமெண்ட், வண்டி வாடகை எல்லாம் மறுபடி முதலிலிருந்து வரும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு வேலை செய்யுங்கள். யார் யார் வீட்டில் கழிவறை பழுது என்று பட்டியல் எடுங்கள். அவரவர் வீட்டில் தொட்டி மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உண்மையிலேயே கோப்பை மாற்ற வேண்டியவர்கள் பத்துப் பேர் இருந்தால் சேர்ந்து போய் மூன்று கடையில் விலை கேளுங்கள். பத்தாக வாங்கினால் விலை குறையும், வண்டி வாடகை ஒன்றுதான், கொத்தனாரும் ஒரே கையாகச் செய்து முடிப்பார். அதில் முதல் கடன், வயசுக்கு வந்த பிள்ளையோ வயதான பெரியவரோ இருக்கிற வீட்டுக்குப் போகட்டும் என்று தீர்மானம் எழுதுங்கள்.