வாசல் கதவும் வைஃபையும்

(வாஷியில் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. போலீசார் தேடிச் சென்ற விலாசம், நமக்கு அடுத்த ஸ்டேஷனான சான்பாடாவில் ஓர் அமெரிக்கரின் ஃபிளாட். அவருடைய வைஃபையை வேறு யாரோ உபயோகித்திருந்தார்கள். அடுத்த இரண்டு மாதங்களில் மாதுங்காவில் ஒரு கல்லூரிக்கும், செம்பூரில் ஓர் அலுவலகத்துக்கும் இதே கதி.

காரணம் எளிது. வீட்டில் எத்தனை கருவிகள் இருந்தாலும் வெளியே தெரிவது ரௌட்டரின் ஐபி விலாசம் ஒன்றுதான்.

"ஃபயர்வால் இருக்கிறதே" என்பீர்கள். அது, அழைக்காமல் வெளியிலிருந்து வருபவரைத் தடுக்கும் வாட்ச்மேன். வைஃபையில் சேர்ந்தவரோ வீட்டுக்குள் வந்துவிட்டவர். அவர் அனுப்பும் மின்னஞ்சலை அது தடுக்காது. ஆகவே முதல் காரியம், டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 முறையில் நீண்ட பாஸ்வேர்டு.

இரண்டாவது, ரௌட்டரின் 'அட்மின்' பாஸ்வேர்டு. நானே அதை மூன்று வருஷம் மாற்றாமல் இருந்தேன்!

மூன்றாவது, போர்ட்டுகள். இவை 65,535 வரை எண்ணிட்ட கதவுகள். கேமராவுக்காகவோ பேரனின் விளையாட்டுக்காகவோ திறந்ததை, வேலை முடிந்ததும் மூடுங்கள். கேட்காமலே கதவு திறக்கும் யூபிஎன்பி வசதியையும், வெளியிலிருந்து ரௌட்டரை இயக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட்டையும் அணைத்து வையுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் இலவசமாகப் படம் பார்ப்பது பெரிய நஷ்டமல்ல. செய்யாத குற்றத்துக்கு நம் விலாசம் சாட்சியாகிவிடக் கூடாது. இன்றிரவே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.