ஒரே பட்டியல், பல கைகள்

(மழைக்கால முன்னேற்பாட்டுப் பணியில் இருக்கும் தெருத் தன்னார்வலர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மழைக்காலத்துக்கு முன்னாடி எங்க குடியிருப்போர் சங்கத்தில் ஒரு பட்டியல் தயாரித்தோம். தனியாக வாழும் முதியவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் யார், எந்த வீடு, எந்த போன் எண் என்று ஒரு எக்செல் ஃபைல். அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். அங்கேதான் தப்பு பண்ணினோம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஃபைல் ஒவ்வொரு போனிலும் ஒரு தனிப் பிரதி ஆகிவிடும். பட்டியலில் இருந்த ஒரு பாட்டி, பக்கத்துத் தெருவில் மகள் வீட்டுக்குப் போயிட்டாங்க. நான் என் பிரதியில் முகவரியைத் திருத்தி அனுப்பினேன். அதே நாளில் இன்னொரு நண்பர், பழைய பிரதியில் அந்தப் பாட்டியின் மருந்து விவரத்தைச் சேர்த்து, 'ஃபைனல்' என்று பெயர் வைத்து அனுப்பினார். எல்லாரும் கடைசியாக வந்ததையே வைத்துக்கொண்டார்கள். என் திருத்தம் காணாமல் போனது யாருக்கும் தெரியலை.

மழையன்று மாலை, முழங்கால் தண்ணீரில் நின்று நம்ம பசங்க பூட்டிய வீட்டைத் தட்டிக்கிட்டு இருந்தாங்க. நல்லவேளை, பாட்டிக்கு ஒன்றும் ஆகலை. ஆனால் ஒரு மணி நேரம் வீணாப் போச்சு.

கணினி நிரல் எழுதுபவர்களுக்கு இது பழைய தலைவலி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2005-ல் 'கிட்' என்ற மென்பொருளை எழுதினார். ஒரே ஃபைலின் வெவ்வேறு பகுதிகளில் பலர் செய்த மாற்றங்களை அது தானாகவே சேர்த்துவிடும். ஒரே வரியை இரண்டு பேர் வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால் நின்றுவிடும். இரண்டையும் மேலும் கீழுமாகக் காட்டி, முடிவை நம்மிடம் விட்டுவிடும். இதைத்தான் 'மெர்ஜ் கான்ஃபிளிக்ட்' என்கிறார்கள். வாட்ஸ்அப் அப்படி நிறுத்திக் கேட்காது.

நமக்கு கிட் வேண்டாம். அதைப் பயன்படுத்துபவர்களின் பழக்கங்கள் போதும்.

முதலாவது, ஃபைல் ஒன்றே ஒன்றுதான். கூகுள் ஷீட்ஸ் போன்ற ஒன்றில் வைத்து, இணைப்பை மட்டும் அனுப்புங்கள். உடல்நல விவரம் இருப்பதால், வேலை செய்பவர்களின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

இரண்டாவது, ஆளுக்கு ஒரு பகுதி. தெருவுக்கு ஒரு தாள், அதற்கு ஒரு பொறுப்பாளர். அடுத்த தெரு விவரம் தெரிய வந்தால், அவரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஒரு கட்டத்தில் ஒரு விவரம். முகவரி, போன், மருந்து மூன்றையும் ஒரே கட்டத்தில் எழுதினால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை வைக்கும்போது பின்னால் பதிவானது முன்னதை அழித்துவிடும். தனித்தனிக் கட்டமாக இருந்தால் இரண்டும் நிற்கும்.

நான்காவது, திருத்தும் முன் நெட் இருக்கிறதா, புதிய விவரம் வந்துவிட்டதா என்று பாருங்கள். பத்துத் திருத்தங்களைச் சேர்த்து வைக்காமல், தெரிந்தவுடனே ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

ஐந்தாவது, வரிசையை மாற்றுவது, பத்தியை நீக்குவது போன்ற பெரிய வேலைகளைக் குழுவில் சொல்லிவிட்டு ஒருத்தர் மட்டும் செய்யட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது அழிந்தால், பதற வேண்டாம். கணினியில் அந்த ஷீட்டைத் திறந்து, 'ஃபைல்' மெனுவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' பாருங்கள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று தெரியும்.

கடைசியாக ஒன்று. இரண்டு விவரம் முரண்பட்டால், யார் சொன்னது சரி என்று சண்டைக்குப் போகாதீங்க. மாற்றியவருக்கு ஒரு போன் போடுங்க. எங்க கதையில் நான் போட்ட முகவரியும் சரி, நண்பர் சேர்த்த மருந்தும் சரி. பாட்டிக்கு இரண்டுமே தேவைப்பட்டது.